குட்டிக்கு ஊசி, கழுத்துக்கு வில்லை

நாய்க்குட்டிக்கும் பூனைக்குட்டிக்கும் ஊசி போடுகிற இடத்தில் வேலை பார்த்துவிட்டு, கடிபடாமல் வீடு திரும்பியவர் ஒருவர் உண்டென்றால், அவர் அன்று லீவு. நான் ஊசி போட்டவளல்ல. பக்கத்து மேசையில் உட்கார்ந்து பேரும் நம்பரும் எழுதினவள். அப்படியும் வலது கட்டைவிரலுக்குக் கீழே நாலு புள்ளி இருக்கிறது. மழைக்காலத்தில் இப்போதும் அந்த இடம் மெல்லக் கடுக்கும்.

அரசாங்க மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, எதிரே நிற்கிறவர்களின் அழுகையையும் கோபத்தையும் கட்டம் கட்டமாக எழுதி வைத்த சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டு எழுந்து போவார்கள். நீங்கள் சிரித்துவிட்டுக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருப்பீர்கள்.

டீச்சரம்மா

அப்போது எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேரவில்லை; நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். தோவாளைப் பக்கத்தில் ஒரு ஓட்டுக் கட்டடம். மிருக வைத்தியசாலை என்று பலகையில் மலையாளத்தில் எழுதியிருக்கும். ஊர் அதை மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்லும். நான் திருவனந்தபுரத்தில் பி.ஏ. முடித்த கையோடு அப்பா போய்விட்டார். இலக்கியம் படித்த பெண்ணுக்கு எங்கே வேலை காலியிருக்கும்? இங்கேதான் இருந்தது. ரிஜிஸ்தரின் கட்டங்களுக்கு மலையாளத்தில் தலைப்பு அச்சாகியிருந்தது. அதன் கீழே நான் தமிழில் எழுதினேன். ஆரல்வாய்மொழிக் கணவாயில் கிளம்புகிற காற்று வழியில் எங்கும் நிற்காமல் நேரே வந்து என் ரிஜிஸ்தரைப் புரட்டும். இரண்டு பக்கமும் கருங்கல் துண்டு வைத்துக்கொண்டு எழுதுவேன்.

டாக்டர் ஈப்பன் கோட்டயத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். அவர் பேசாததையும் சேர்த்து அட்டெண்டர் செல்லையா பேசிவிடுவார். ஆனால் கைதேர்ந்த வேலைக்காரர். பழைய தோர்த்துத் துணியைக் கிழித்து, குட்டியின் வாயை இரண்டு சுற்றுச் சுற்றி, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடுவார். பிடரித் தோலைக் கொத்தாகப் பிடித்துத் தூக்குவார். தாயின் வாயில் தொங்குவதாக நினைத்துக்கொண்டு குட்டி அப்படியே அடங்கிவிடும். அந்த அடக்கம் முடிவதற்குள் டாக்டர் ஊசியை ஏற்றி எடுத்துவிடுவார். படித்த பெண் என்றால் அந்த ஊருக்கு டீச்சர்தான். அதனால் முதல் நாளே நான் டீச்சரம்மா ஆகிவிட்டேன். மாட்டுக்கு மருந்து வாங்க வந்த ஒருவர், டீச்சரம்மா இங்கே யாருக்குப் பாடம் நடத்துகிறார்கள் என்று செல்லையாவிடம் கேட்டார். செல்லையா முகத்தில் சிரிப்பே இல்லை. "நாய்க்குக் கடிக்கத் தெரியும்லா? கடிக்காம இருக்கதுக்கு இவிய படிச்சுக் குடுக்காவ."

வாழைப்பட்டைக்குள் மருந்து

ஒரு மாசி மாதம் வெறிநாய் ஒன்று கடைத்தெருவில் புகுந்தது. சந்தைக்கு வந்த மாட்டையும் இரண்டு மூன்று நாய்களையும் ஒரு பூனையையும் கடித்துவிட்டு ஓடி, சானல் கால்வாய்க் கரையில் செத்து விழுந்தது. வேறு யாரையெல்லாம் தொட்டது என்று யாருக்கும் தெரியாது. மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வீடுகளில் வளர்கிற நாய், பூனை, அவற்றின் குட்டிகள் எல்லாவற்றுக்கும் தடுப்பூசி போடவேண்டும். போட்டதற்கு அடையாளமாக நாயின் கழுத்தில் நம்பர் வெட்டிய பித்தளை வில்லை கட்டவேண்டும். அடுத்த திங்கட்கிழமை விடிந்த பிறகு வில்லையில்லாமல் தெருவில் அகப்படுகிற நாயை ஆள் வைத்து அடித்துவிடுவார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஆறு நாள்.

மருந்து செவ்வாய்க்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்தது, ஐஸும் உமியும் அடைத்த மரப்பெட்டியில். பஸ் தக்கலை தாண்டி வழியில் நின்றுவிட, பெட்டி எங்கள் வாசலுக்கு வரும்போது உச்சிவெயில். அடிப்பலகையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் உமிக்குள் கைவிட்டுப் பார்த்தார். குப்பிகள் இன்னும் சில்லென்று இருந்தன. ஆனால் ஐஸ் இரண்டு கை அளவுதான் மிச்சம். வெளியே வரிசை ரோடு வரைக்கும் நின்றது. பனையோலைக் கடவத்தில், சாக்கில், முந்தானையில் குட்டிகள். ஒன்று முனகினால் எல்லாம் முனகின. இத்தனைக்கும் போட்டு முடிக்குமுன் மருந்து சூடேறிவிடும் என்று டாக்டர் சொன்னபோது அவர் குரல் ஒருமாதிரி இறங்கியிருந்தது.

வரிசையில் முன்னால் நின்ற தங்கம்மை அதைக் கேட்டாள். அவள் பூ கட்டித் திருவனந்தபுரத்துக்கு அனுப்புகிறவள். பிச்சிப்பூவை வாடாமல் அத்தனை தூரம் அனுப்புவது அவள் பிழைப்பு. தன் கடவத்தை என் மேசையில் வைத்தாள். உள்ளே வெள்ளையாக ஒரு குட்டி. விடுவிடுவென்று போய், ஈரம் சொட்டும் வாழைப்பட்டைகளோடு திரும்பி வந்தாள். ஐஸையும் குப்பிகளையும் நடுவில் வைத்து, பட்டை மேல் பட்டையாக மூடி, நனைந்த துணி சுற்றி, நாரால் கட்டினாள். வாளியில் வைத்து ஆஸ்பத்திரிக் கிணற்றில் தண்ணீருக்குச் சற்று மேலே நிறுத்தச் சொன்னாள். ஒவ்வொரு குப்பியாக மேலே வந்தது. டாக்டர் ஒவ்வொரு தடவையும் தெர்மாமீட்டரைப் பார்த்தார். சாயங்காலம் கடைசிக் குட்டிக்குப் போட்டுமுடிக்கும் வரைக்கும் அவர் சரியென்று தலையாட்டிக்கொண்டேயிருந்தார். மறுநாளிலிருந்து பெட்டி ஐஸ் கரையாமல் வந்துவிட்டதால், ஊசி மருந்துக்குப் பிச்சிப்பூ வாசனை வந்ததை நான் அன்றுதான் முதலும் கடைசியுமாக முகர்ந்தேன். தங்கம்மை தான் செய்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பூவுக்கும் மருந்துக்கும் ஒரே கொணந்தான் டீச்சரம்மா. வெயிலு பட்டா ரெண்டும் சவம்."

பேர் வேண்டாம்

பட்டைக்கு ஓடினதில் வரிசையில் பின்னால் போய்விட்ட தங்கம்மையின் குட்டிக்கு நம்பர் அறுபத்தொன்று. பேர் குருணை, அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாக, சின்னதாக இருந்தது. இடது காது மட்டும் தவிட்டு நிறம். இப்படிப் பேரோடு வந்த குட்டிகளை எழுதுவது சுகம். மணி, ராணி, டைகர் என்று எழுதிக்கொண்டே போகலாம். ஒரே தெருவில் ஏழு மணி வந்தால், சாயாக்கடை மணி, கோயிலடி மணி என்று பிரித்துக்கொள்வேன்.

புதன்கிழமை வந்த தாணுமாலயன் வயல்காரர். கையிடுக்கில் கறுப்புக்குட்டி. பேர் கேட்டேன். இல்லை என்றார். கட்டம் காலியாக இருக்கக்கூடாதே, ஏதாவது ஒன்று சொல்லுங்கள், நானே வேண்டுமானாலும் வைக்கிறேன் என்றேன். மனதுக்குள் நாலைந்து நல்ல பேர்கள் தயாராக இருந்தன; கல்லூரியில் படித்ததெல்லாம் வேறு எங்கே செலவாகப் போகிறது? அவர் பதறிப்போய்க் குட்டியைத் துண்டால் மூடிக்கொண்டார். இதற்கு முன் வளர்த்த மூன்றுக்கும் ஆசையாசையாகப் பேர் வைத்தாராம். ஒன்று லாரியில், ஒன்று பாம்பு கடித்து, ஒன்று என்னவென்றே தெரியாமல். பேர் வைத்த வாரமே போய்விட்டனவாம். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். பேனாவில் மை காய்ந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து, மெதுவான குரலில் வழி சொன்னார். "எம்பேரை எழுதிக்கிடுங்கோ. நான் இன்னும் சாவல்லியே."

எழுதிக்கொண்டேன்.

ஏணி

பூனைகளுக்கு வியாழக்கிழமை. நாய்க்குச் செல்லையா கண்டுபிடித்திருந்த எந்த வித்தையும் பூனையிடம் பலிக்கவில்லை. வாயைக் கட்டினால் நகம், நகத்தைப் பிடித்தால் வாய். கடைசியில் தலையணை உறைக்குள் போட்டு, தொடையை மட்டும் வெளியே எடுத்துக் குத்துவது என்று முடிவாயிற்று. அந்த யோசனையைத் தந்தவர் ஞானம்மாள், மிஷன் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் கொண்டுவந்த உறையில் பச்சை நூலால் பூவேலை செய்திருந்தது. உள்ளே கோடு போட்ட பூனைக்குட்டி.

உறையைப் பிரிக்கும்போது டாக்டருக்குத் தும்மல் வந்துவிட்டது. அவ்வளவுதான். குட்டி அவர் கையில் ஏறி, தோளில் ஏறி, தலையில் ஒரு கால் வைத்து, உத்தரத்துக்குத் தாவிவிட்டது. டாக்டருக்கு ரோஷம். பக்கத்து அச்சு ஆபீசிலிருந்து ஏணி வந்தது. ஊசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவர் ஏற, செல்லையா ஏணியைப் பிடிக்க, நான் ரிஜிஸ்தரைத் தலைக்குமேல் குடையாகப் பிடிக்க, மேலேயிருந்து ஓட்டுத்தூசியும் பல்லி முட்டையும் உதிர்ந்தன. வாசலில் நின்ற கூட்டம் இடமா வலமா என்று அவருக்கு வழி சொன்னது. அவர் உத்தரத்தின் ஓரம் வரை நகர்ந்து, ஓட்டுச் சந்துக்குள் முகத்தை நுழைத்து, ச்ச் ச்ச் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழித்து, கீழே பெஞ்சியிலிருந்து ஞானம்மாளின் நிதானமான குரல் வந்தது. மடியில் தலையணை உறை, உறைக்குள் குட்டி. "டாக்டரே, நீங்க எறங்குங்க. பூனை அப்பமே எறங்கிட்டு."

அரைஞாணில் அறுபத்தொன்று

ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள் என்பதால் ஆஸ்பத்திரி திறந்திருந்தது. மத்தியானம் தங்கம்மை ஓடிவந்தாள். இடுப்பில் அவள் மகள் பவளம், ஏழு வயசு. குதிகாலில் சிவப்பாக நாலு புள்ளி. தூங்கிக்கொண்டிருந்த குருணையைத் தெரியாமல் மிதித்துவிட்டாள், அது கடித்துவிட்டது. டாக்டர் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவினார். வெறிநாய் வந்த அன்று குருணை எங்கே இருந்தது என்று கேட்டார். தங்கம்மைக்குத் தெரியவில்லை. அன்று பூச்சந்தையில் இருந்தாள். ஐந்து நாள் முன்னால்தான் ஊசி போட்டிருக்கிறோமே என்று நான் சொன்னேன். அந்த மருந்து உடம்பில் பிடிக்க இன்னும் நாளாகும். அதற்கு முன்பே விஷம் ஏறியிருந்தால் ஊசி ஒன்றும் செய்யாது என்றார்.

பிறகு, அவளுக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னார். குருணையைப் பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனிக்கவேண்டும். பத்தாம் நாளும் அது தின்று குடித்து நன்றாக இருந்தால் அதற்கு வெறி இல்லை, பவளத்துக்கு ஒன்றும் வேண்டாம். நடுவில் அது செத்தாலோ காணாமல் போனாலோ நமக்கு எதுவும் தெரியாமல் போய்விடும். அப்போது பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளையின் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. பவளம் தன் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

குட்டி எங்கே என்று கேட்டேன். கடித்த ஆத்திரத்தில் தங்கம்மையே துடைப்பத்தால் அடித்துத் துரத்தியிருக்கிறாள். சானல் பக்கம் ஓடியிருக்கிறது. கழுத்தில் வில்லை இருக்கிறதல்லவா, யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று நான் தைரியம் சொன்னேன். அவள் பவளத்தின் பாவாடையைச் சற்று இறக்கினாள். அரைஞாண் கயிற்றில், வெள்ளித் தாயத்துக்குப் பக்கத்தில், பளபளவென்று துலக்கிய பித்தளை. அறுபத்தொன்று. வெறிநாயைப் பார்த்த நாளிலிருந்து பிள்ளை தூக்கத்தில் அலறுகிறாள். ஊசி போட்டு, நம்பர் வெட்டி, சர்க்கார் முத்திரை குத்திக் கொடுத்த தகடு. நாயைக் காப்பாற்றுகிற தகடு பிள்ளையைக் காப்பாற்றாதா என்று கழற்றிக் கட்டியிருக்கிறாள். நாளை விடிந்தால் வில்லையில்லாத நாய்களை அடிக்க ஆள் வருகிறான். அவள் என்னையும் டாக்டரையும் மாறிமாறிப் பார்த்தாள். "அப்பம், எம்பிள்ளைக்க வயித்தை அந்தச் சின்னச் சவந்தான் காப்பாத்தணுமா?"

வில்லைகள் போன இடம்

தேடப் புறப்பட்டோம். தங்கம்மை பிச்சித் தோட்டங்கள் பக்கம் போனாள். செல்லையாவும் நானும் வீடு வீடாக. என் கையில் ரிஜிஸ்தர், அவர் கையில் சணல் உருண்டை. மூன்றாவது வீட்டிலேயே ரிஜிஸ்தரைப் பிரித்துச் சரிபார்க்க வேண்டிவந்தது. ஊசி போட்ட நாய் முற்றத்தில் வெறுங்கழுத்தோடு படுத்திருக்கிறது; வில்லை தொட்டிலில் தொங்குகிறது. அடுத்த வீட்டில் பசுவின் கொம்பில். அதற்கடுத்து, குலை தள்ளப்போகிற வாழையில். ஒரு தையல்காரர் தன் மெஷினில் கட்டியிருந்தார். தங்கம்மை ஒருத்தி செய்த காரியம் என்று நினைத்தேன். பாதித் தெரு அதையே செய்திருந்தது. சொல்லிக் கொடுத்தது யாருமில்லை. கழுத்தில் கட்டித் தருகிற எதுவும் அந்த ஊரில் ரட்சைதான். அது எனக்குத் தெரியாததல்ல. என் அரையிலும் சின்ன வயசில் கட்டியிருந்தார்கள். ஆனாலும் வில்லை கொடுக்கும்போது, இது வெறும் அடையாளம்தான் என்று ஒரு வார்த்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுத்துப் பிழையில்லாமல் பேர் எழுதுவதிலேயே கவனமாக இருந்துவிட்டேன்.

மூச்சிரைக்க ஒவ்வொரு வீட்டிலும் அதையே சொன்னேன். காலையில் நாய்க்கு வில்லை இல்லையென்றால் அடித்துவிடுவார்கள், கழற்றுங்கள், கழற்றுங்கள். சிலர் உடனே கழற்றினார்கள். சிலர் பிள்ளைக்கு இன்னொன்று தந்துவிட்டு இதை எடு என்றார்கள். ஒரு வீட்டில் நாலு பேர் கூடி என்னோடு வாதாட, பின்னாலேயே செல்லையா நாயின் கழுத்தில் கட்டி முடித்திருந்தார். கடைசித் தெருவில் ஒரு கிழவர் தனியாக இருந்தார். வில்லை அவருடைய மேற்கையில் கறுப்புக் கயிற்றில் இருந்தது. காலடியில் அவருடைய நாய். நான் எல்லாம் சொல்லி முடித்ததும் அவர் முடிச்சை அவிழ்க்கக் கையை நீட்டினார். அவிழ்க்கும்போது எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். "நாய்க்கு ஒண்ணும் வராம இருக்க சர்க்கார் தகடு குடுக்கு. எனக்கு எழுபது கழிஞ்சாச்சு, எவனும் ஒண்ணும் தரல்ல."

விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் குருணை அகப்படவில்லை.

சுருக்கு

திங்கட்கிழமை வெளுக்கும்போதே பூச்சந்தை தொடங்கிவிடும். நான் போய்ச் சேர்ந்தபோது தங்கம்மையும் பவளமும் அங்கே இருந்தார்கள். தங்கம்மை அன்று பூ வாங்கவில்லை. கடவங்களுக்கிடையே குனிந்து குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். சந்தையின் பின்பக்கம் வேண்டாத வாழைப்பட்டைகள் குவிந்து கிடக்கும். எப்போதும் ஈரமாக, குளிர்ச்சியாக இருக்கும். அங்கிருந்துதான் கூச்சல் வந்தது. ஓடினோம்.

நாய் பிடிக்கிற மாடசாமி நீண்ட மூங்கில் கழியோடு நின்றார். கழியின் நுனியில் கம்பிச் சுருக்கு. சுருக்கில் வெள்ளையாக, தவிட்டுக் காதோடு குருணை. மற்றக் கையில் தடி. பட்டைக் குவியலுக்குள் ஒளிந்து கிடந்ததை இழுத்து எடுத்திருக்கிறார். தங்கம்மை நேரே போய்க் குட்டிக்கும் தடிக்கும் நடுவில் நின்றுவிட்டாள். பவளம்தான் பாவாடையை இறக்கி வில்லையைக் காட்டி, இது குருணைக்கு உள்ளது, நான்தான் வைத்திருக்கிறேன் என்றாள். மாடசாமி முரடரல்ல. வில்லை நாயின் கழுத்தில் இருக்கவேண்டும், உன் இடுப்பில் இருந்து பிரயோசனமில்லை பாப்பா, எனக்கும் பதில் சொல்ல மேலே ஆள் இருக்கிறது என்றார். நான் கையோடு கொண்டுவந்திருந்த ரிஜிஸ்தரைத் திறந்தேன். காற்று புரட்டியது, முழங்கையை வைத்து அழுத்தி, சந்தைக்கே கேட்கும்படி வாசித்தேன். அறுபத்தொன்று. குருணை. நாய்க்குட்டி, பெட்டை. நிறம் வெள்ளை. இடது காது தவிட்டு நிறம். வளர்ப்பவர் தங்கம்மை. என் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு உணர்ச்சியோடு நான் வாசித்ததில்லை. அவர் குட்டியின் இடது காதைத் திருப்பிப் பார்த்தார். சுருக்கைத் தளர்த்தினார். தங்கம்மை மண்டியிட்டு மகளின் அரைஞாண் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து, மடியிலிருந்த வாழைநாரால் வில்லையைக் குட்டியின் கழுத்தில் பூ முடிச்சாகக் கட்டினாள்.

அன்று சாயங்காலம் மாடசாமி ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஏதோ புகார் என்று பயந்தேன். சட்டைக்குள்ளிருந்து ஒரு செவலைக் குட்டியை எடுத்தார். வீட்டில் வளர்க்கிறாராம், வெளியூர் வேலையிலேயே நாள் போய்விட்டதால் அதற்கு இன்னும் போடவில்லையாம். ஒரு குப்பியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. செல்லையாவிடம் கொடுக்காமல் தானே பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். டாக்டர் ஊசியை எடுத்ததும், காலையில் தடி பிடித்திருந்த அந்தக் கையால் குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு என்னிடம் சொன்னார். "முடிஞ்ச பொறவு சொல்லுங்கம்மா."

பத்து நாள்

குருணையை என் மேசைக் காலில் கட்டினோம். அது என் சேலைக் கரையைக் கடித்தது, ரிஜிஸ்தர் உறையைக் கடித்தது, செல்லையாவின் பீடிக்கட்டைக் கடித்தது. கடிக்கக் கடிக்க எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது; சோர்ந்து ஒரு மூலையில் சுருண்டால்தான் பயம். தினமும் பூச்சந்தையிலிருந்து திரும்புகிற வழியில் தங்கம்மை வாசலில் நின்று ஒரே கேள்வி கேட்பாள், தண்ணீர் குடித்ததா என்று. வெறி பிடித்த நாய் தண்ணீர் குடிக்காது என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். குடித்தது என்று கேட்ட பிறகுதான் கடவத்தைத் தலையில் ஏற்றுவாள்.

ஆறாம் நாள் குருணை தண்ணீரைத் தொடவில்லை. கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாலை வைத்தேன், அதையும் பார்க்கவில்லை. தங்கம்மை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடவம் அவள் கையிலிருந்து நழுவி, பிச்சிமொட்டு படி முழுக்கச் சிதறியது. டாக்டர் வந்து குட்டியின் தாடையைத் தடவினார், கண்ணைப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் வயிற்றைத் தொட்டதும் நின்றார். வயிறு மத்தளம் போல விம்மியிருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே காலித் தூக்குச்சட்டியோடு நின்ற பவளத்தைக் கூப்பிட்டார். காலையில் யாருக்கும் தெரியாமல் வந்து, தன்னுடைய கஞ்சி முழுவதையும் தூக்குச்சட்டியோடு ஜன்னல் வழியாக இறக்கிக் கொடுத்திருக்கிறாள். ஏன் என்று அம்மா கேட்டபோது, அழுதுகொண்டே சொன்னாள். "இது செத்தா எனக்கு ஊசில்லா? அதான் நெறையக் குடுத்தேன்."

பத்தாம் நாள் காலை டாக்டர் வர நேரமாயிற்று. தங்கம்மை படியில் உட்கார்ந்திருந்தாள். பவளம் அவள் தோளில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். உள்ளே குருணை கிண்ணத்தைக் கவிழ்த்து, ஓசை எழுப்பி, மறுபடி நக்கி, தண்ணீரால் தரையெல்லாம் கோலம் போட்டிருந்தது. டாக்டர் வந்து பார்த்து, என் பேனாவை வாங்கி, அறுபத்தொன்றுக்கு நேரே மலையாளத்தில் ‘சுகம்’ என்று எழுதினார். பிள்ளைக்கு ஒரு ஊசியும் வேண்டாம், கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். நான் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். குட்டி ஓடிப்போய்த் தூங்குகிறவளின் முகத்தை நக்கியது. தங்கம்மை எழுந்திருக்கவில்லை. இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "பத்து நாளா இதுக்க மூச்சைத்தான் எண்ணிக்கிட்டுக் கெடந்தேன் டீச்சரம்மா. எம்பிள்ளை அலறாம ஒறங்குகது இப்பந்தான் கண்ணுல படுகு."

குட்டிகளைக் காப்பாற்றுகிற வேலை என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார்கள். யார் யாரைக் காப்பாற்றியது என்று எழுத மட்டும் அந்த ரிஜிஸ்தரில் கட்டம் அச்சடிக்க மறந்துவிட்டார்கள்.